அரசு முடங்கினால் யாருக்கு வாய்தா?

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததில் மனம் நிறைந்துவிட்டது. என் ஆசிகளைச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டாய்.

நாடாளுமன்றமான காங்கிரஸ் நிதி ஒதுக்காமல் அமெரிக்க அரசு முடங்கியபோது நீதிமன்றங்களும் மூடிக் கிடந்தனவா என்று கேட்டிருந்தாய். மூடவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்த முடக்கத்தில், ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றங்கள் கட்டண வருவாயையும் கையிருப்பையும் கொண்டு அக்டோபர் 17 வரை சமாளித்தன. அதன் பிறகு ஊழியர்களில் சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், மற்றவர்கள் சம்பளம் வராமலே வேலை பார்த்தார்கள். கிரிமினல் வழக்குகள் நடந்தன. தனியார் மீது தனியார் போட்ட விபத்து வழக்குகளும் தட்டுத்தடுமாறி நகர்ந்தன. அரசிடமே நஷ்டஈடு கேட்டவர்கள்தான் நடுவழியில் நின்றார்கள்.

அரசு ஊழியரின் கவனக்குறைவால் அடிபட்டவர் அரசு மீது வழக்குப் போட 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அரசுக்காக வாதாடுபவர்கள் நீதித் துறை வக்கீல்கள். நிதி ஒதுக்கீடு தீர்ந்ததும் அவர்களில் சிவில் வழக்குகளைப் பார்க்கும் பலர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். சம்பளம் வேண்டாம், வந்து வேலை செய்கிறேன் என்றாலும், உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து இல்லாதவரை சட்டம் விடாது. எனவே வழக்கை நிறுத்தி வையுங்கள் என்று மனுப் போடுகிறார்கள். ஏற்கிற நீதிபதிகளும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. தபால் துறை சொந்த வருவாயில் நடப்பதால் முடக்கத்திலும் அதன் வண்டிகள் ஓடும். அந்த வண்டி ஒருவரை இடித்தால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய வக்கீல் மட்டும் வரமாட்டார்!

நாங்கள் வழக்கு நடத்தும் கட்சிக்காரர் ஒரு பெண்மணி. அரசு வண்டி ஒன்று மோதியதில் தோள் எலும்பு நொறுங்கியது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரின் சாட்சியத்தைப் பதிவு செய்யப் பல மாதம் அலைந்து ஒரு தேதி வாங்கியிருந்தோம். எதிர்த்தரப்பு கொடுத்த மனு இரண்டே பக்கம். தேதி பறிபோனது. முடக்கம் முடிந்து மறுபடி கேட்டால், வசந்த காலம் வரை அந்த மருத்துவருக்கு நேரமில்லை. 43 நாள் நிறுத்தம் ஏறக்குறைய அரையாண்டுத் தாமதமாகிவிட்டது. எங்கள் கட்சிக்காரரால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்தான் தினமும் வந்து தலை வாரிவிடுகிறாள்.

எனக்குப் பொறுக்காதது இதுதான்: அவகாசம் ஒரு தரப்புக்கு மட்டுமே கிடைக்கிறது. விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் சம்பந்தப்பட்ட துறையிடம் எழுத்துமூலம் நஷ்டஈடு கோர வேண்டும். துறை மறுத்தால் 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அரசு முடங்கிவிட்டது என்பதற்காக இந்தக் கெடு தானாக நீளாது. அங்கே இந்தியாவில் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்ட நாளிலிருந்து நீ வட்டி வாங்கித் தருகிறாய். இங்கே தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு அரசு வட்டி தர வேண்டியதில்லை என்று அதே 1946 சட்டம் சொல்கிறது. பட்ஜெட் சண்டை போடுவது அமெரிக்கக் காங்கிரஸ், இழுத்தடிப்பின் செலவு முழுவதும் காயம்பட்டவர் தலையில்.

முடக்க நாட்களுக்காவது அரசு வட்டி தர வேண்டும் என்று ஒரு திருத்தம் வர வேண்டும் என்பது என் எண்ணம். இங்குள்ள வக்கீல் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். வட்டிக்கான வாதத்தை நீ அங்கே எப்படி வைக்கிறாய் என்று விரிவாக எழுது, அதற்குப் பயன்படும்.

அன்புடன்,
பாஸ்கரன்