முதலில் யாரை அனுப்புகிறார்கள்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மனநல வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று விரிவாக எழுதிவிட்டு, நோயாளி ஒருவர் உன் கையை முறுக்கியதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய். ‘இதெல்லாம் இந்த நர்ஸ் வேலையில் சகஜம்’ என்று வேறு. அப்படி நினைக்கும்படி நம்மைப் பழக்கிவிட்டார்களே என்று கோபம்தான் வந்தது. முதலில் அந்தக் கையை டாக்டரிடம் காட்டு. பிறகு, நடந்ததை எழுதிக் கொடு.

இங்கே எங்கள் மருத்துவமனையில் ஊழியர் பாதுகாப்புக்கு ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சம்பவம் நடந்தால் நிரப்பித் தரவேண்டிய படிவத்தைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. அதற்காக இரவு டியூட்டி இல்லாத நாட்களில் படித்துக்கொண்டிருக்கிறேன். 2019-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 253 ஆய்வுகளில் கிடைத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ ஊழியர்களின் பதில்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வகை வன்முறைக்கு ஆளானவர்கள் சுமார் 62 சதவீதம். அடி உதை பட்டவர்கள் சுமார் 24 சதவீதம். வசவு வாங்கியவர்கள் பாதிக்கும் மேல். பாலியல் தொல்லை என்று சொன்னவர்கள் சுமார் 12 சதவீதம்.

ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்த பல ஆய்வுகளில் அடிபடுவதில் ஆண்கள் முந்துகிறார்கள், பாலியல் தொல்லையில் பெண்கள். வசவில் இடத்துக்கு இடம் மாறுகிறது. குழுவில் இதைச் சொன்னதும் ஒருவர், “ஆண்கள் பொறுமையாகப் பேசமாட்டார்கள், அதனால்தான்” என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஆண் நர்ஸ்களை எங்கே போடுகிறார்கள்? அவசரப் பிரிவிலும் மனநல வார்டிலும்தான் பெரும்பாலும். நோயாளி கத்த ஆரம்பித்தால் ‘பிரதரைக் கூப்பிடு’ என்பதுதான் முதல் குரல். பிடித்து அடக்க உன்னை முன்னே நிறுத்திவிட்டு, பிறகு நீதான் அதிகம் அடிபடுகிறாய் என்று கணக்கு எழுதினால் அந்தக் கணக்குக்கு என்ன பொருள்? வார்டையும் ஷிப்டையும் பதவியையும் கணக்கில் எடுக்காமல் ஆண் இவ்வளவு, பெண் இவ்வளவு என்று ஒப்பிடுவதை நான் இனி நம்பப் போவதில்லை.

பெண்கள் பக்கம் நடப்பது வேறு. அதைத்தான் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி போடும்போது இடுப்பில் படும் கை, உடல் துடைத்துவிடும்போது நோயாளி சொல்லும் அசிங்கமான வார்த்தை, ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கும் நோயாளியின் உறவினர், தனியாக அறைக்கு வரச்சொல்லும் மேலதிகாரி. இவற்றில் எதற்கும் எங்கள் பழைய படிவத்தில் இடமில்லை. ‘காயத்தின் தன்மை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். காயம் இல்லாதவள் அதில் என்ன எழுதுவாள்? மறதி நோய் முற்றிய முதியவர் கிள்ளினால், கடித்தால், அது நோயின் வேலை என்று விட்டுவிடுகிறோம். அவர்மேல் குற்றமில்லை, உண்மைதான். ஆனால் கடிபட்ட கை என்னுடையது, அடுத்த வேளை மருந்து கொடுக்கத் தனியாகப் போகிறவளும் நான்தான். யாரையும் தண்டிக்காமலே இதைப் பதிவு செய்யலாம், அடுத்த முறை இரண்டு பேராக அனுப்பலாம். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ்களுக்கு இன்னும் மோசம். கூப்பிட்டால் ஓடிவரப் பக்கத்து வார்டுகூடக் கிடையாது.

ஆண்களான உங்களுக்கும் பாலியல் தொல்லை நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பார்கள் என்று நீங்கள் வாயைத் திறப்பதில்லை. எங்களிடமோ ‘நீ என்ன செய்தாய்’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இரண்டு வழியிலும் பதிவாகும் எண்ணிக்கை குறைகிறது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக அளவில் சுகாதார, சமூகப் பராமரிப்பு ஊழியர்களில் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் என்கிறது அது. படிவத்தை வடிவமைப்பவர்களும் டியூட்டி போடுபவர்களும் யார் என்று யோசித்துப் பார். அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பணியிட வன்முறைக்கு எதிராக 190-ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பாலினம் சார்ந்த வன்முறையைப் பெயர் சொல்லியே அது குறிப்பிடுகிறது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடப்பதும் அதில் அடங்கும், வெளியாட்கள் செய்வதையும் அது விடவில்லை. குழுவில் இதை வாசித்தபோது சிலர் ஆச்சரியப்பட்டார்கள்.

புதிய படிவத்தில் காயம் கேட்கும் கட்டத்துக்கு முன்னால் வேறு கேள்விகள் வைத்திருக்கிறேன்: அந்த நேரத்தில் அங்கே எத்தனை பேர் இருந்தீர்கள், உங்களை அங்கே அனுப்பியது யார், முன்பும் இதே ஆள் இப்படி நடந்ததுண்டா, நடந்தது தொட்டதா, சொன்னதா, பின்தொடர்ந்ததா. எழுதிக் கொடுத்தவரின் நேரடி மேலதிகாரி கைக்கு அது போகக்கூடாது என்றும் கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் எதிர்ப்பு பலமாக இருக்கிறது, விடுவதாக இல்லை.

உன் வார்டில் ஒரு மாத டியூட்டிப் பட்டியலை எடுத்து, சத்தம் கேட்டபோதெல்லாம் யாரை அனுப்பினார்கள் என்று குறித்து எனக்கு அனுப்பு. பெயர்கள் வேண்டாம், ஆணா பெண்ணா, தனியாகவா துணையோடா என்பது போதும். அடுத்த கூட்டத்துக்குள் கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவேன்.

அன்புடன்,
உன் தோழி