அன்று நீ கேட்ட சத்தம்

அன்புள்ள மகளுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் சொல்ல நினைத்து, வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். நம் பழைய லான்சியா லாம்ப்டா காரின் இன்ஜினில் அன்று கேட்டது ராட் பேரிங் சத்தம்தான் அம்மா, பிஸ்டனின் ராட் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இடத்துச் சத்தம். நீ சொன்னது சரி. வால்வு சத்தம் என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. 6 வருஷம் கழித்து, இன்ஜினை முழுக்கப் பிரித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

நீ அன்று காரணத்தோடுதான் சொன்னாய். "வால்வா இருந்தா கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தட்டுதான்பா கேட்கும். இது ஒவ்வொரு சுத்துக்கும் கேட்குது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மாறுது. நிறுத்துங்க" என்றாய். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் ஓடுகிறது என்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அதை நீ காதால் எண்ணிச் சொன்னபோது நான் கேட்கவில்லை. வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டினேன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் நீ வேலைக்குக் கிளம்பிவிட்டாய். வண்டி தார்ப்பாய்க்குள் போனது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம்.

போன வருஷம்தான் இன்ஜினை இறக்கினேன். அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பைக் கழற்றியபோது எண்ணெயில் வெள்ளி ஜரிகைபோல் துகள்கள் மின்னின. மூன்றாவது ராடின் பேரிங்கில் உள்பூச்சான ஒயிட் மெட்டல் உருகி ஓரமாக வழிந்து, ஒரு பக்கம் வெண்கலமே தெரிந்தது. ஏன் அந்த ஒரு பேரிங் மட்டும் என்று கிராங்க் ஷாஃப்ட்டின் எண்ணெய்த் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றிப் பார்த்தேன். மற்றத் துளைகளிலும் அழுக்கு இருந்தது. மூன்றாவதில் மட்டும் கறுப்புக் களிம்பு கெட்டியாகி முழுதாக அடைத்திருந்தது. கிராங்க் சுற்றும் வேகத்தில் எண்ணெயிலுள்ள கசடு வெளிப்பக்கம் ஒதுங்கி அந்தத் துளைகளுக்குள் படியும், வருஷக்கணக்கில்.

அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான். அந்த வருஷம், நல்லது என்று நினைத்து, டிடர்ஜென்ட் சேர்ந்த புது எண்ணெயை ஊற்றினேன். சுத்தமான இன்ஜினுக்கு அது நல்ல எண்ணெய்தான். ஆனால் பல பத்தாண்டுகளாகக் கழுவாத இன்ஜினில் ஊற்றினால், மூலைகளில் அசையாமல் கிடந்த கசடையெல்லாம் அது கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பிய கசடு எங்காவது போய் அடைக்கத்தானே செய்யும். முதலில் சம்ப்பைக் கழற்றிக் கழுவியிருக்க வேண்டும். நான் கழுவவில்லை.

பிரித்துப் போட்டதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர், வேறு இன்ஜினை வைத்து ஓட்டு என்றார்கள். என்னால் முடியாது. லான்சியா கம்பெனியைத் தொடங்கிய வின்சென்சோ லான்சியா 1922-இல் பாரிஸ் கண்காட்சியில் இந்தக் காரை வைத்தபோது, மற்றவர்கள் ஏணிபோல் ஒரு சட்டத்தைச் செய்து அதன்மேல் உடலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் உடலையே சட்டமாக்கினார். முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கின. நான்கு சிலிண்டர்களையும் V வடிவில் 13 டிகிரி அளவுக்கு மட்டும் விரித்து, ஒரே ஹெட்டுக்குக் கீழே அடக்கினார். அந்தக் குட்டை இன்ஜினுக்காகத்தான் முன்பக்கம் அப்படி அமைந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் மீதி இருப்பது வெறும் தகடு. 1931 வரை செய்தார்கள். அவற்றில் எஞ்சியவை சொற்பம். ஒன்று என் கையில் இருக்கிறது என்றால் அதைச் சரியாக வைக்கும் கடமையும் எனக்கு இருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் கிராங்க் ஷாஃப்ட்டைப் பற்றித்தான். பேரிங் உருகும் சூட்டில் தண்டில் விரிசல் விட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. இருட்டு அறையில் தண்டைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்த்தோம். விரிசல் இருந்தால் பச்சைக் கோடாக எரியும். விளக்கு நகர நகர நான் மூச்சு விடவில்லை. ஒரு கோடும் இல்லை. வெளியே வந்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய். நான் சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன், நினைவிருக்கிறதா?

அப்புறம் அளந்தேன். தண்டில் பேரிங் உட்காரும் ஒவ்வொரு ஜர்னலையும் நான்கு திசையில், இரண்டு இடத்தில். மூன்றாவது ஜர்னல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. கிரைண்டிங் செய்பவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஜர்னல் முடிகிற மூலையில் உள்ள வளைவை அப்படியே விடுங்கள் என்று. அங்கே கூராக வெட்டிவிட்டால் பின்னால் அந்த இடத்தில்தான் தண்டு ஒடியும்.

ஒயிட் மெட்டல் ஊற்றியதைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. ஐசக் பாபிட் 1839-இல் கண்டுபிடித்த வகை உலோகம். ஏறக்குறைய 240 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். எண்ணெய் நின்றால் தண்டைக் கெடுக்காமல் முதலில் தான் உருக வேண்டும் என்பதற்காகவே அப்படி ஓர் உலோகம். அன்று நான் ஓட்டிய தூரத்துக்குத் தண்டு பிழைத்ததே அதனால்தான்.

இந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தார். வெண்கல ஷெல்லை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, பூச்சு ஒட்டுவதற்கு ஃப்ளக்ஸ் தடவி, மெல்லிய வெள்ளீயப் பூச்சு ஏற்றினார். நடுவில் நிற்கும் இரும்பு உருளையைச் சுடரின் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். கரி இருந்தால் உலோகம் அதில் ஒட்டாது. எல்லாவற்றையும் சூடாக்கிக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றினார். ஆறியதும் ஷெல்லை நூலில் தொங்கவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். மணிபோல் ஒலித்தால் உலோகம் ஷெல்லோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று ஷெல்கள் ஒலித்தன. நான்காவது 'டொக்' என்றது. எனக்கு வித்தியாசமே பெரிதாகத் தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை மறுபடி உருக்கப் போட்டார். உன் காது அங்கே இருந்திருந்தால் அவருக்கு முன்னால் நீ சொல்லியிருப்பாய்.

அதன்பின் துளைத்து, ஸ்கிரேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி உட்கார வைத்தது என் வேலை. தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய கணக்கு. 50 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.05. அந்த அளவுக்கு வருவதற்கு ஒரு ராடுக்கே இரண்டு நாள் ஆனது. அவசரப்பட்டு ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டால் மறுபடி உலோகம் ஊற்ற வேண்டியதுதான்.

லைனர், பிஸ்டனில் பெரிய பிரச்சினை இல்லை. சிலிண்டர் விட்டம் 75, பிஸ்டன் ஓட்டம் 120 மில்லிமீட்டர், நீ மனப்பாடமாக வைத்திருந்த அந்த 2,120 சிசி அப்படியேதான் இருக்கிறது. பிஸ்டனின் புது ரிங்குகளுக்கு, இரண்டு முனைகளுக்கு நடுவே, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். ஈயம் இல்லாத பெட்ரோல் இந்த வால்வுகளுக்கு ஆகாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே 1923-இல். இந்த இன்ஜின் அதற்கு முன்னாலேயே வரையப்பட்டுவிட்டது. இதற்கு ஈயம் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

கியர்பாக்ஸைத் திறந்தபோது மனது கஷ்டப்பட்டது. பற்களின் முனைகள் நொறுங்கியிருந்தன. கியர்களின் வேகத்தைத் தானே பொருத்தும் சின்க்ரோமெஷ் 1928-இல் கெடிலாக்கில்தான் முதலில் வந்தது. அதற்கு முந்தைய இந்தப் பெட்டியில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, வேகத்தைக் காதால் பொருத்தித்தான் போட வேண்டும். முன்னால் ஓட்டியவர்கள் பொறுமை இல்லாமல் இடித்திருக்கிறார்கள். இரண்டு பற்சக்கரங்களைப் புதிதாக வெட்டினோம். தண்டு சுழலும் வெண்கல வளையங்களான புஷ்களையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் நீ தெரிந்து வைத்துக்கொள், இந்த வண்டி ஒரு நாள் உன்னிடம்தான் வரும்: அதிக அழுத்தம் தாங்கும் இன்றைய கியர் எண்ணெய்களில் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். டப்பாவில் "மஞ்சள் உலோகத்துக்குப் பாதுகாப்பு" என்று போட்டிருக்கிறதா பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைத் தனி ஸ்டாண்டில் வைத்து ஓட்டினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கைப்பிடியால் சுற்றிக்கொண்டே இருந்தேன். எண்ணெய் அழுத்தமானியின் முள் அசையும்வரை பற்றவைக்கக் கூடாது என்று முடிவாக இருந்தேன். தோள் விட்டுப்போன நேரத்தில் முள் எழுந்தது. பிளக்குகளைப் போட்டு, நான்காவது சுற்றில் பிடித்துக்கொண்டது. நீளமான மரக்கட்டை ஒன்றைக் காதில் வைத்து, ஒவ்வொரு பேரிங் இருக்கும் இடத்திலும் ஊன்றிக் கேட்டேன். மூன்றாவதில் மட்டும் ரொம்ப நேரம் நின்றேன். எண்ணெய் ஓடும் இரைச்சல் மட்டும்தான். அந்தச் சத்தத்தை போனில் பதிந்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு உண்மையைச் சொல். ஏதாவது தட்டுகிறது என்று நீ சொன்னால், இந்த முறை அந்த நிமிஷமே நிறுத்திவிடுவேன்.

பின் ஆக்ஸிலைத்தான் இன்னும் மூடவில்லை. ஓட்டத்தைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பும் கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துச் செய்தவை. அதே ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். நீ முன்பு கழற்றும்போது இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய ஷிம் தகடு ஒவ்வொன்றையும் அளந்து, எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி டப்பாவுக்குள் வைத்திருந்தாய். அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. ஆனால் பேரிங் புதிது என்பதால் அளவு கொஞ்சம் மாறும். பல்லில் நீல மை தடவிச் சுற்றி, தடம் முனையில் விழுகிறதா அடியில் விழுகிறதா என்று பார்த்து, ஷிம்மை மாற்ற வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே 0.15 மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இருக்க வேண்டும். ஒருவர் சுற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டிய வேலை. என் கண்ணுக்கு அந்த நீலத் தடத்தின் ஓரம் இப்போது தெளிவாகத் தெரிவதில்லை. வேறு யாரையும் கூப்பிடவும் மனம் வரவில்லை.

மை டப்பாவைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். லீவு எப்போது கிடைக்கும் என்று எழுது. மூன்று நாள் போதும். உன் பழைய பட்டறைச் சட்டை ஆணியிலேயே தொங்குகிறது, துவைத்து வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா