இன்டர்வியூல கேக்கற கேள்வியா இது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல பட்டமளிப்பு விழா போட்டோ போட்டிருந்தீங்க, மெடலோட நிக்கறதுல பாதிக்கு மேல பொண்ணுங்க. பாக்க சந்தோஷமா இருந்துச்சி ஆனா எனக்கு அது புதுசு இல்ல. குடியாத்தம் - வேலூர் ரூட்ல 28 வருஷம் கண்டக்டரா இருந்தவன் நான். காலைல கே.வி.குப்பம், லத்தேரின்னு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ரெகார்ட் நோட்டும் லேப் கோட்டுமா ஏறுறது முக்காவாசி பொண்ணுங்கதான், கூட்டத்துல கம்பிய புடிச்சிகினு நின்னே பரிட்சைக்கு படிச்சிகினு வருங்க. அந்த போட்டோவுக்கு அப்புறம் இன்னா ஆவுதுன்னு எழுதத்தான் இந்த லெட்டர்.

எம்பொண்ணு மைக்ரோபயாலஜில பிஎச்டி. ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப் கழிவு பாஞ்ச மண்ணுலேர்ந்து பாக்டீரியா எடுத்து, விஷ க்ரோமியத்தை அது எவ்ளோ கம்மி பண்ணுதுன்னு பாக்கற வேலை. அந்த கிருமிக்கு நேரம் காலம் தெரியுமா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கணும், ராத்திரி 9 மணி 10 மணி ஆயிடும். ஒரு உண்மைய ஒத்துக்கறேன், பொம்பள புள்ளைக்கு ராத்திரில லேப்ல இன்னா வேலைன்னு மொதல்ல கத்தினது காலேஜ்காரங்க இல்ல, நான்தான். நைட் சர்வீஸ்ல பாதி ஆயுசு போனவன் நான் கேட்டேன் பாருங்க. அது சண்டைலாம் போடல, ஏம்பா நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல நட்சத்திரம் பாக்கறவங்க பகல்லயா பாப்பாங்க, அந்த டெலஸ்கோப் கூடத்த நடத்தற இன்ஸ்டிட்யூட்டுக்கு 2019ல டைரக்டரா வந்ததே அன்னபூரணி சுப்ரமணியம்னு ஒரு மேடம்தான்னு சொல்லிச்சி. அன்னிலேர்ந்து நானே வண்டிய எடுத்துகினு போயி கூட்டினு வந்தேன்.

விஷயம் இன்டர்வியூ. ஒரு பிரைவேட் காலேஜ், பேரு வேணாம். அசிஸ்டன்ட் ப்ரொபசர் போஸ்டுக்கு உள்ள போச்சி, நான் வெளிய வேப்ப மரத்தடில ரெண்டு வயசு பேத்திய மடில வெச்சிகினு உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு தம்பி, அவரும் அதே போஸ்டுக்கு வந்தவரு, அவருக்கும் இதே வயசுல குழந்தை, வீட்ல சம்சாரம் பாத்துக்கறாங்களாம். எம்பொண்ணு வெளிய வந்தப்ப மூஞ்சி செத்துப்போயி இருந்துச்சி. குழந்தைய யாரு பாத்துப்பாங்க, வீட்டுக்காரருக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தா நீங்களும் கிளம்பிடுவீங்களா, ரெண்டாவது குழந்தை ப்ளான் இருக்கா, இதான் கேள்வி. க்ரோமியத்தை பத்தி ஒரு வார்த்தை இல்ல. கடைசி கேள்விய கேட்டது பேனல்ல இருந்த ஒரு மேடம். அப்புறம் அந்த தம்பி போயிட்டு வந்தாரு, இன்னாபா கேட்டாங்கன்னேன், ஆராய்ச்சி பேப்பர் எத்தினி, ப்ராஜெக்ட் கொண்டு வருவீங்களான்னு கேட்டாங்களாம். குழந்தை இருக்கான்னே யாரும் கேக்கல சார்னு அவரே சொன்னாரு. நல்ல புள்ள, அவரு மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.

வர்ற வழில பஸ்ல பொண்ணு ஒண்ணு சொல்லிச்சி. 2012ல அமெரிக்கால ஒரு ஆராய்ச்சி பண்ணாங்களாம், லேப் மேனேஜர் வேலைக்கு ஒரே பயோடேட்டாவ பாதி பேருக்கு ஜான்னு பேரு போட்டும் மீதி பேருக்கு ஜெனிஃபர்னு போட்டும் சயின்ஸ் ப்ரொபசருங்க 127 பேருக்கு அனுப்பினாங்களாம். ஒரு எழுத்து மாறல, ஆனா ஜானுக்கு வருஷத்துக்கு 30,000 டாலர் தரலாம்னவங்க ஜெனிஃபருக்கு 26,500 போதும்னுட்டாங்க, கெட்டிக்காரன்னும் ஜானத்தான் சொன்னாங்க. கண்டக்டர் பாஷைல சொன்னா ஒரே ஸ்டேஜுக்கு ரெண்டு ரேட்டு டிக்கெட். இதுல லேடி ப்ரொபசருங்களும் அதே மாதிரிதான் மார்க் போட்டிருக்காங்களாம், அத கேட்டப்புறம் அந்த மேடம் மேல இருந்த கோவம் கூட கொஞ்சம் கொறைஞ்சிடுச்சி.

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்ல. 1933ல பெங்களூர் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஆராய்ச்சி பண்ண சேர வந்த கமலா சோஹோனின்ற அம்மாவ பொம்பளைன்ற ஒரே காரணத்துக்கு வேணாம்னது வேற யாரும் இல்ல, நோபல் வாங்கின நம்ம சி.வி.ராமன்தான். அந்தம்மா விடல, அப்புறம் ஒரு வருஷம் பாக்கலாம்னு கண்டிஷன் போட்டு சேத்தாங்க, 1939ல கேம்ப்ரிட்ஜ்ல பிஎச்டியே வாங்கிட்டாங்க. நம்ம வேலூர் மட்டும் இன்னா சும்மாவா, ஐடா ஸ்கடர் அம்மா 1918லயே பொம்பளைங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊரு, ஆம்பளைங்கள சேத்ததே 1947லதான். அந்த ஜில்லாவுல உக்காந்துகினு ரெண்டாவது குழந்தை எப்பன்னு கேக்கறாங்க.

காலேஜ்காரங்க கஷ்டமும் எனக்கு புரியுது, நடு செமஸ்டர்ல ஒருத்தர் லீவுல போனா க்ளாஸ் யாரு எடுக்கறது. ஆனா டிப்போல கண்டக்டர் லீவுன்னா ஸ்பேர் ஆள் போடுவாங்க சார், வண்டி நிக்காது. லீவு போடுவியான்னு கேட்டா ஆள் எடுத்தாங்க எங்கள?

இன்னொன்னு. பிஎச்டி பண்ற பொண்ணுங்களுக்கு 240 நாள் வரைக்கும் பிரசவ லீவு, முடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் கூடுதல் டைம்னு 2016லயே காலேஜ் யுனிவர்சிட்டிக்கெல்லாம் ரூல் போடற யூஜிசி ரூல் போட்டிருக்கு, 2022ல வந்த புது ரூல்லயும் இருக்கு. எம்பொண்ணு இது தெரியாமயே, கேப் விழுந்தா ரிஜிஸ்ட்ரேஷன் போயிடும்னு யாரோ சொன்னத நம்பி பிரசவம் ஆயி மூணே மாசத்துல லேபுக்கு ஓடிச்சி. ஆபீஸ்ல யாரும் வாய தொறந்து சொல்லல. நோட்டீஸ் போர்டுல ஃபைன் கட்டற தேதி மட்டும் பெருசா இருந்துச்சி. அதனால உங்க கல்வி பக்கத்துல இந்த 240 நாள் விஷயத்த ஒரு பெட்டி கட்டி போடுங்க அய்யா, காலைல பஸ்ல வர்ற புள்ளைங்க கண்ணுல படற மாதிரி. இன்டர்வியூல கேட்ட கேள்விய எல்லாம் அங்கயே எழுதி பேனல்ல இருக்கறவங்க கையெழுத்து போடணும்னு ஒரு ஆர்டர் வந்தா இன்னும் நல்லது, நாங்க கூட ட்ரிப் ஷீட் எழுதி குடுத்தவங்கதான்.

அடுத்த மாசம் திருவண்ணாமலை பக்கம் வேற ஒரு இன்டர்வியூ இருக்கு. பேத்திய நான்தான் தூக்கினு போறேன்.

இப்படிக்கு,
ரிடையர்டு கண்டக்டர், குடியாத்தம்
(பேரு போட வேணாம், பொண்ணு திட்டும்)