புதுக் கார் இடிபட்டால் முடிவு யாருடையது? காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் காப்பீட்டு நிறுவனங்களுக்கும், விபத்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்களுக்கும் வணக்கம்.

வாங்கிச் சில மாதமே ஆன கார் விபத்தில் சிக்கினால் அதை என்ன செய்வது என்பது பற்றித்தான் இந்த மடல். பத்து வருடம் ஓடிய வண்டி என்றால் முடிவெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. புதுக் காரில் கடன் அப்படியே நிற்கிறது. உத்தரவாதக் காலம் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் வளரும்வரை இதுதான் நம் வண்டி என்று கணக்குப் போட்டு வாங்கியிருப்பார்கள். ஒரு மோதலில் அந்தக் கணக்கெல்லாம் கலைந்து நிற்கும் மனிதரிடம் நீங்கள் கொடுப்பது ஓர் எஸ்டிமேட்டும், கையெழுத்துப் போட ஒரு படிவமும்தான்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அவர் கையெழுத்துப் போடும் முன்பு காரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். அப்புறம் அவருடைய முடிவைக் கேளுங்கள்.

என் தங்கையின் கார் பின்பக்கம் இடிபட்டபோது முதல் எஸ்டிமேட்டில் இருந்தவை பம்பர், டிக்கிக் கதவு, ஒரு விளக்கு. சரி என்று சொல்லிவிட்டாள். பம்பரைக் கழற்றிய பிறகுதான் பின்தளம் உள்வாங்கியிருப்பதும், அதைத் தாங்கும் நீள்சட்டம் மடங்கியிருப்பதும் தெரிந்தன. கூடுதல் எஸ்டிமேட் வந்தது, அதற்கு மேல் இன்னொன்றும் வந்தது. அதற்குள் வேலை பாதி நடந்துவிட்டது. மூன்று எஸ்டிமேட்டுகளின் மொத்தத்தையும் முதல் நாளே பார்த்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. கார் திரும்பி வந்தது, பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் பின்சீட்டில் குழந்தையை உட்காரவைக்கும்போதெல்லாம் அவள் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் ஒரு தாள்கூட அவள் கையில் இல்லை. வேலை சரியாகவே நடந்திருக்கலாம். அதை அவள் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் என் வருத்தம்.

இது அவளுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லை. நீங்கள் பின்பற்றும் கணக்கிலேயே இதற்கான காரணம் இருக்கிறது.

பழுதுச் செலவு காரின் மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது காரைக் கைவிட்டு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுத்துவிடுவது; தாண்டாவிட்டால் ரிப்பேர். அந்தக் கோடு இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் காப்பீட்டில் அறிவித்த மதிப்பில் 75 சதவீதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, டெக்சாஸில் 100 சதவீதம். கோடு எங்கே இருந்தாலும் அது பார்ப்பது பணத்தை மட்டும்தான். கார் எவ்வளவு புதிதோ அவ்வளவு அதன் மதிப்பு அதிகம். மதிப்பு அதிகமாக இருப்பதாலேயே, பழைய காரை உடனே டோட்டல் லாஸ் ஆக்கிவிடக்கூடிய அடி, புதுக் காரில் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது. ஆக, உடற்கூட்டில் பலத்த அடி வாங்கியும் ரிப்பேர் ஆகி மறுபடி சாலைக்கு வருவது பெரும்பாலும் புதுக் கார்தான். அதை இன்னும் பத்து, பதினைந்து வருடம் ஒரு குடும்பம் ஓட்டப்போகிறது. அதிகமாகச் சோதித்துப் பார்க்கவேண்டிய வண்டி எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் சர்வேயர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள்தான் இனிச் சொல்லப்போவது. ஆனால் உரிமையாளருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்றைய பெரும்பாலான கார்களில் தனியாகச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. சில ஆயிரம் ஸ்பாட் வெல்டுகளால், அதாவது புள்ளி புள்ளியாக வைத்த பற்றவைப்புகளால், இணைத்த தகட்டுக் கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. அந்தக் கூட்டில் எல்லா இரும்பும் ஒன்றல்ல. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் பில்லர் போன்ற இடங்களில் போரான் கலந்த எஃகைப் பல கார்களில் பயன்படுத்துகிறார்கள். அதைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதனால் அதன் இழுவலிமை 1,500 மெகாபாஸ்கல் வரை போகிறது, சாதாரணத் தகட்டைவிடப் பல மடங்கு. டிங்கரிங்கில் அதற்கு மறுபடி சூடு காட்டி நிமிர்த்தினால் வடிவம் திரும்பிவிடும், வலிமை திரும்பாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள், நிமிர்த்தாமல் மாற்றுங்கள், அதையும் நாங்கள் குறித்த இடத்தில் மட்டும் வெட்டி இணையுங்கள் என்று கையேட்டில் எழுதுகிறார்கள்.

காரின் முன்பகுதியும் பின்பகுதியும் மோதலில் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற யோசனை அது, 1959-ல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் நடைமுறைக்கு வந்தது. நசுங்கும் சட்டம் ஒரே ஒரு முறைதான் அந்த வேலையைச் செய்யும். இழுத்து நேராக்கிய சட்டம் அடுத்த மோதலில் எங்கே மடியும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏர்பேக் எந்தக் கணத்தில் விரியவேண்டும் என்பதும், மோதலில் அந்த உடற்கூடு எப்படி வேகம் குறைகிறது என்பதை வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடிமருந்துச் சாதனமும் ஒரு தடவைக்குத்தான். அது வேலை செய்து முடித்ததா என்பது வெளியே தெரியாமலும் போகலாம். காரின் கணினியை ஸ்கேன் செய்துதான் பார்க்கவேண்டும்.

புதுக் கார்களில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. தானாகப் பிரேக் போடும் வசதிக்கான ரேடார் பல கார்களில் முன்பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் இருக்கிறது. கேமரா முன்கண்ணாடியில். அந்த ரேடார் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தொலைவில் அதன் பார்வை ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகிவிடும். பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியை நம் தடத்தில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இது போதும். சின்ன இடி, பம்பர் மட்டும்தான் என்று எஸ்டிமேட் போடும்போது, ரேடாரை மறுபடி சரிபார்த்து அமைப்பதற்கான செலவும் அதில் இருக்கிறதா?

மின்சாரக் கார் என்றால் தளத்துக்குக் கீழே பேட்டரி. அதன் உறையில் ஒரு நசுங்கல் இருந்தாலே அந்தப் பேட்டரியை நம்பலாமா கூடாதா என்ற கேள்வி வந்துவிடும். சேதமான பேட்டரி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்தும் தீப்பிடிக்கலாம் என்பதால், மற்ற வண்டிகளிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட காரைப் பம்பரைக் கழற்றாமலேயே பார்த்து முடிவு சொல்வது எந்த வகையிலும் சரியில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இடிபட்ட புதுக் கார் எல்லாமே ஆபத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பானெட், ஃபெண்டர், கதவு, பம்பர் போன்றவை போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. கூட்டில் அடி இல்லை என்று அளந்து பார்த்து உறுதிசெய்த கார் என்றால் தயங்காமல் ரிப்பேர் செய்து ஓட்டலாம் என்றுதான் நானே சொல்வேன். கூட்டில் அடி இருந்தாலும், தயாரிப்பாளர் சொன்ன முறையில், சரியான கருவியோடு, பயிற்சி பெற்றவர் செய்த வேலை நல்ல வேலைதான். நான் கேட்பது அதற்கான சான்றை.

பணத்துக்கு வருகிறேன். பாதுகாப்பாக ரிப்பேர் ஆன காரும் விற்கப் போனால் 'ஆக்சிடென்ட் வண்டி'தான். மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. தொழிற்சாலையில் அடிப்பூச்சை 150 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கிறார்கள். முழுதாகச் சேர்த்து முடித்த காரில் பிளாஸ்டிக்கும் வயரிங்கும் இருப்பதால் ஒர்க்‌ஷாப்பில் அவ்வளவு சூடு கொடுக்க முடியாது, 60 முதல் 80 டிகிரிதான். ஆக, மறுபடி அடித்த பூச்சு தொழிற்சாலைப் பூச்சு போல ஆகாது. பெயின்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை வைத்தாலே பட்டி போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய காரில் இந்த மதிப்புக் குறைவு பெரிய தொகை இல்லை. சில மாதக் காரில் அது பெரிய அடி. ஜெர்மனியில் இடித்தவர் தரப்புக் காப்பீடு இந்தக் குறைவையும் ஈடுகட்டவேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2001-ல், சொந்தக் காப்பீட்டு நிறுவனமே இந்த மதிப்புக் குறைவைக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பல இடங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. தருகிறீர்களோ இல்லையோ, இப்படி ஓர் இழப்பு இருக்கிறது என்பதையாவது முடிவெடுக்கும் முன்பு உரிமையாளரிடம் சொல்லலாமே.

ஜெர்மனி நீதிமன்றங்கள் இந்த விஷயத்தை அணுகும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. தவறு எதிர்த்தரப்புடையது, கார் 1,000 கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்கிறது, வாங்கி ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள், சேதமும் கணிசமானது என்றால், உரிமையாளர் வேறு புதுக் கார் வாங்கிக்கொண்டு அதன் விலையைக் கேட்கலாம். இன்னொரு பக்கம், காரை விட மனமில்லாதவர் அதே காரை முறையாக ரிப்பேர் செய்து தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால், விபத்துக்கு முன் இருந்த மதிப்பில் 130 சதவீதம் வரை செலவைக் கேட்கலாம். இரண்டுமே உரிமையாளரின் மனதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விதிகள். ஒருவருக்கு அந்தக் கார் வேண்டாம், ஒருவருக்கு அந்தக் கார்தான் வேண்டும். இருவருக்கும் இடம் இருக்கிறது.

டோட்டல் லாஸ் ஆனாலும் வலி இருக்கிறது. இழப்பீடு முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். காரின் மதிப்பு இறங்கும் வேகத்துக்குக் கடன் இறங்காததால், முதல் ஒன்றிரண்டு வருடங்களில் காரே இல்லாமல் மீதித் தவணை கட்டும் நிலை வரலாம். அதற்கென்று இருக்கும் கூடுதல் காப்பீட்டைப் பற்றி பாலிசி விற்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள், அவசரத்தில் ஒரு டிக் போட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். வாங்கி ஒரு வருடம் ஆகாத கார் என்றால், ஒப்புதல் கேட்கும் முன்பே கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள், அதற்கான கூலியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டை அளக்கும் கருவியில் வைத்து எடுத்த அளவுத்தாளை உரிமையாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தயாரிப்பாளரின் அளவிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா இல்லையா என்பதைச் சாதாரண மனிதரும் அதில் படித்துப் புரிந்துகொள்ள முடியும். ரிப்பேருக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கை, எந்தப் பாகம் மாற்றியது, எது நிமிர்த்தியது, கார் கம்பெனியின் பாகமா வேறு தயாரிப்பா, துருப்பிடிப்புக்கான உத்தரவாதம் அந்த இடத்தில் இனி செல்லுமா என்பதும் சேர்ந்து வரட்டும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து காப்பீட்டாளர்கள் கைவிடும், ஆனால் சரிசெய்ய முடிகிற கார்களில் உடற்கூட்டில் அடிபட்டவற்றை 'எஸ்' என்றும், மற்றவற்றை 'என்' என்றும் வகை பிரித்துப் பதிவு செய்கிறார்கள். கைவிட்ட காருக்கே அப்படி ஒரு பதிவு இருக்க முடியுமென்றால், ரிப்பேர் ஆகித் திரும்பும் காருக்கு ஓர் அறிக்கை கொடுப்பது உங்களால் முடியாத காரியமில்லை.

அப்புறம், நேரம். விபத்து நடந்த மறுநாள் உடம்பும் மனமும் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, வண்டி நிற்கிற இடத்துக்கு வாடகை ஏறுகிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. கழற்றிப் பார்த்த அறிக்கை உரிமையாளர் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு நிறுத்த வாடகையை அவர் தலையில் கட்டாதீர்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டிக் கருத்துக் கேட்க அவருக்கு அந்த நாட்கள் வேண்டும்.

சர்வேயர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த வண்டியை வைத்துக்கொள்ளாதீர்கள், சரிசெய்து விற்றுவிடுங்கள் என்று உரிமையாளரிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போகும் நல்ல மனிதர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் வாயால் சொன்னதை வைத்து அவரால் எதுவும் கேட்க முடியாது, அடுத்து அந்தக் காரை வாங்குகிறவருக்கோ அது தெரியவே போவதில்லை. அப்படிச் சொல்வதற்கு உங்களுக்கு இருந்த காரணத்தை உங்கள் அறிக்கையிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் காப்பீடு எடுத்து ஓட்டும் கார் உரிமையாளர்களில் ஒருவர்