அம்மா இல்லாத முதல் பண்டிகை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அவருக்குத்தான் முட்டிவலி, ஆனாலும் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். அது கிடக்கட்டும். "பண்டிகை வருகிறது என்றாலே வயிற்றைப் பிசைகிறது, எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். மனிதரை உலுக்கும் 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். துணையை இழப்பதற்கு 100. அதே பட்டியலின் கீழ்ப்பகுதியில் விடுமுறைக்கு 13, கிறிஸ்துமஸுக்கு 12! நல்லதோ கெட்டதோ, வழக்கம் மாறினால் உடம்பு அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பலரிடம் கேட்டு எடுத்த சராசரிதான், வேதவாக்கு இல்லை. ஆனாலும் உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குடும்பத்தார் ஒன்றுசேர்வது கூடினாலோ குறைந்தாலோ 15, சாப்பாட்டு வழக்கம் மாறினால் 15, தூக்கம் மாறினால் 16. பண்டிகை வாரத்தில் இது மூன்றும் ஒன்றாகத்தானே வரும்? நெருங்கிய உறவின் மரணத்துக்கு 63. உனக்கு அம்மா போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லை. வயிற்றைப் பிசையாமல் என்ன செய்யும்?

அம்மா போனபின் உன் வீட்டுக்கு வந்திருந்தேனே, அன்றைக்கு எல்லாரும் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டும் முகத்தைத் திருப்பவில்லை. துக்கத்தை முகத்தில் காட்டாதே என்று சொல்லிச் சிலரை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். வெளியே தெரிவது குறைந்ததாம், உள்ளே இருந்தது குறையவில்லையாம். உடம்பின் பரபரப்பு கூடத்தான் செய்ததாம். ஆகவே இந்த முறை அந்தக் குழாய் வேண்டாம். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு: "அம்மா இல்லாத முதல் பண்டிகை. நடுவில் எழுந்துபோனால் தேடாதீங்க." இதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் கோபித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. "ஏதாவது உதவட்டுமா?" என்று கேட்பவரிடமெல்லாம் "வேண்டாம், வேண்டாம்" என்பாய், ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பாய். கேட்டவர் தலையிலேயே வேலையைக் கட்டு. பொதுவாகச் சொல்லாதே, "ராத்திரிச் சாப்பாடு உங்க பொறுப்பு அண்ணி" என்று பெயர் சொல்லிக் கட்டு. கடன் வாங்கிப் பரிசு கொடுக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு நேரம் கழித்துப் படுத்தாலும் வழக்கமான நேரத்துக்கே எழுந்திரு, அதற்கு அடுத்த ராத்திரியாவது தூக்கம் தானாக வரும். படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு, இதயம் கொஞ்சம் நிதானப்படும். நீ சிரிப்பாய், தெரியும். செய்துவிட்டுச் சிரி.

ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பசியும் தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் நாளெல்லாம் மனசு கனத்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். வாழவே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதே. அந்த நிமிஷமே என்னைக் கூப்பிடு, நானே கூட்டிப்போகிறேன்.

கூட்டம் இருக்கும்வரை நீ எப்படியோ ஓட்டிவிடுவாய். எல்லாரும் மூட்டை கட்டிக் கிளம்பிய மறுநாளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அன்றைக்கு நான் வருகிறேன். எனக்கென்று எதையும் எடுத்துவைக்காதே, வீட்டைக்கூடப் பெருக்க வேண்டாம். கடைசி ஆள் எப்போது கிளம்புகிறார் என்று மட்டும் எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி