படத்துக்கு முன் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குச் சாயம் அடித்து முடித்த கையோடு பல வீடுகளில் படங்களைத் திரும்ப மாட்டும் வேலை தொடங்கும். தாத்தா பாட்டியின் திருமணப் புகைப்படம், ஊரிலிருந்து சுமந்து வந்த தஞ்சாவூர் ஓவியம், பழைய ரவிவர்மா அச்சுப்படம், மெழுகுச் சாய வேலைப்பாடுள்ள பாத்தேக் துணி, சீன நண்பர் கொடுத்த மைச்சுருள் (மையில் தீட்டிய சுருள் ஓவியம்), பிள்ளை பாலர்பள்ளியில் தீட்டியது என்று நம் வீட்டுப் படங்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. இவற்றை ஒரே சுவரில் அடுக்க இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை, மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்களுக்காகக் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. இங்கே சிங்கப்பூரில் பல சுவர்கள் கான்கிரீட். காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்று யோசிக்கும் முன், எந்தச் சுவர் என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

குளியலறையின் மறுபக்கச் சுவர் வேண்டாம். அடுக்குமாடி புளோக்கின் கோடி வீடுகளில் மழை நேரே அறையும் வெளிச்சுவரும், மாலை வெயில் விழும் சுவரும் வேண்டாம். இவை பலருக்கும் தெரிந்தவைதான். கவனத்தில் படாத சுவர் ஒன்று உண்டு. படுக்கையறையில் இரவெல்லாம் ஏர்கான் ஓடினால் அந்தச் சுவரின் வரவேற்பறைப் பக்கமும் குளிர்ந்துவிடும். காலையில் சன்னலைத் திறந்ததும் உள்ளே வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ச்சியில் பட்டு, காற்றோட்டமில்லாத இடத்தில், அதாவது படத்தின் முதுகில், ஈரமாகத் தங்கும். தீபாவளிக்கு மாட்டிய படத்தில் பொங்கலுக்குள் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பருவமழையை மட்டும் குறை சொல்ல முடியாது. வேறு சுவர் இல்லையென்றால் சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் 5 மி.மீ. ரப்பர் பொட்டுகளை ஒட்டுங்கள். படம் சுவரைவிட்டு விலகி நிற்கும், பின்னால் காற்று போய்வரும்.

சட்டத்துக்குள்ளும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் ஈரத்தில் அது ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிவிட்ட படத்தைப் பிய்த்தால் முகமே உரிந்து வரும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைப்பதே பாதுகாப்பு. ஒட்டாமல் இருக்க, நடுவில் சன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை 2 மி.மீ. கனத்தில் இருந்தால் போதும். அட்டை அமிலமற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். பின்பலகையாக அடிக்கப்படும் மலிவான ஹார்டுபோர்டு அமிலத்தைக் கசியவிடும், ஈரத்தையும் உறிஞ்சி வைக்கும். ரவிவர்மா படங்களில் காணும் பழுப்புப் பட்டைகள் பலவற்றுக்கு இதுவே காரணம். தஞ்சாவூர் ஓவியத்துக்கு மவுண்ட் அட்டை உதவாது. மக்கு (சுண்ணப் பசை) வைத்து மேடாக எழுப்பி, கல் பதித்துத் தங்கத் தாள் ஒட்டிய பரப்பு அது. அதன் மிக உயர்ந்த புள்ளியையும் தாண்டிக் கண்ணாடி நிற்கும்படி, சட்டத்தின் உள்விளிம்பில் இடைக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். விளக்குக்கு நேர் மேலே மாட்டினால் புகையும் சூடும் சேர்ந்து அதைக் கெடுக்கும். பிள்ளைகள் மார்க்கரில் வரைந்தவை வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால், நகலை மாட்டிவிட்டு அசலை இழுப்பறையில் வைக்கலாம்.

இனி அடுக்குவது. சுவரின் நீள அகலத்தைத் தரையில் டேப்பால் குறித்து, படங்களை அதற்குள் பரப்பிப் பாருங்கள். கண்ணுக்குக் கனமானதை முதலில் வையுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பொன்னும் அடர்சிவப்பும் கொண்ட தஞ்சாவூர் ஓவியம். அதை நட்டநடுவில் வைத்தால் மற்றதெல்லாம் அதற்குப் பரிவாரமாகிவிடும். நடுவிலிருந்து சற்று விலக்கிக் கீழ்ப்பாதியில் வைத்து, எதிர்மூலையில் சிவப்போ பொன்னோ உள்ள வேறொன்றை, சிவப்புப் பாத்தேக் துணியையோ சிவப்பு முத்திரை பளிச்சென்று தெரியும் மைச்சுருளையோ, வைத்தால் கண் இரண்டுக்கும் நடுவே பயணப்படும். கைப்பேசியில் மேலிருந்து படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் இருள் குவிந்திருக்கிறது என்பது உடனே புலப்படும்.

சட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலில் எங்களுக்கு உடன்பாடில்லை. தேக்குச் சட்டத்தில் இருக்கும் பழைய புகைப்படத்தைப் பிடுங்கி மெல்லிய கறுப்புச் சட்டத்தில் போட்டால் அதன் பாதி அழகு போய்விடும். சட்டங்கள் பலவகையாக இருக்கும்போது இடைவெளியையாவது ஒன்றாக வையுங்கள், 5 செ.மீ. பொருந்தும். மறைந்த பெரியவர்களின் படங்களைச் சாமி படங்களோடு கலக்கக்கூடாது என்று வீட்டில் சொன்னால் வாதாட வேண்டாம். அவற்றுக்குத் தனி வரிசை கொடுத்தால் முடிந்தது.

உயரத்தில்தான் அதிகம் தவறுகிறோம். நிலைவாசலுக்கு மேலே முன்சாய்வாக மாட்டிய ஊர் வீட்டுப் பழக்கம், சுமார் 2.6 மீட்டர் உயர வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் தொடர்கிறது. படத்தின் மையம், பல படங்களென்றால் தொகுப்பு முழுவதன் மையம், தரையிலிருந்து 150 செ.மீ. அளவில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் முதுகுச்சாய்வுக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் 15 முதல் 20 செ.மீ. விடுங்கள், தொகுப்பின் அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் நன்றாக அமையும். கொக்கியின் இடத்துக்குக் கணக்கு உண்டு. மைய உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, படத்தின் பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடிக்கும்போது அது சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 60 செ.மீ. உயரப் படத்தில் கம்பி 8 செ.மீ. கீழே நின்றால் 150+30-8, அதாவது 172 செ.மீ. ஒரு கொக்கியில் தொங்கும் படம் கதவை அடிக்கும்போதெல்லாம் சாயும். இரண்டு கொக்கி போட்டு, கம்பியை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. படத்தின் அளவுக்கு வெட்டி, சுவரில் ஒட்டிப் பார்க்கும் மாதிரித் தாள்களுக்கு உங்கள் நாளிதழின் பழைய பக்கங்களே போதும். புதுச் சாயச் சுவரில் மட்டும் அச்சு மை படியக்கூடும் என்பதால் பழுப்புத் தாள் நல்லது.

சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலித்தால் கான்கிரீட் அல்லது செங்கல்; ஹேமர் டிரில், 6 மி.மீ. பிட், அதே அளவு பிளாஸ்டிக் பிளக் வேண்டும். துளை 35 மி.மீ. ஆழமாவது போகட்டும். பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்ட பிளக், பாரம் ஏறியதும் பூச்சோடு பெயர்ந்து விழும். பொள்ளலாக ஒலித்தால் உள்ளே விரிந்து பிடிக்கும் வகை பிளக். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடக்கூடும், அங்கே துளையிடாதீர்கள். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ (வீட்டுக்குள் கட்டிய குண்டுகாப்பு அறை) சுவர் பளிச்சென்று காலியாக ஆசை காட்டும். அதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் தனி விதிகள் உள்ளன; படிக்காமல் டிரில்லைத் தொட வேண்டாம். சத்தம் மிகுந்த புதுப்பிப்பு வேலைக்கு வீவக அனுமதிப்பது வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. சனிக்கிழமையும் கூடாது.

துளையே வேண்டாம் என்பவர்கள் ஒட்டுப்பட்டையை நாடுகிறார்கள். பட்டை பிடிப்பது சுவரை அல்ல, சாயத்தை. சாயம் அடித்து ஒரு வாரமாவது ஆகாமல் ஒட்டினால் சாயத்தையே உரித்துக்கொண்டு படம் கீழே வரும். பொட்டலத்தில் போட்டிருக்கும் எடையில் பாதியை மட்டுமே இந்த ஈரத்தில் நம்பலாம் என்பது எங்கள் கருத்து. 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. 60-க்கு 90 செ.மீ. படத்தில் கண்ணாடி மட்டுமே 2.7 கிலோ. அக்ரிலிக் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறும், கரி ஓவியத்தின் தூளை இழுத்துக்கொள்ளும். கட்டிலுக்கு மேலே கண்ணாடிப் படம் எதையும் பட்டையில் தொங்கவிடாதீர்கள்.

சட்டமிடும் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். படத்தின் பின்புறம் அதன் எடை, பின்பலகை என்ன வகை, முன்னால் கண்ணாடியா அக்ரிலிக்கா, சட்டமிட்ட தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
படச்சட்டத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஈசூன்