மூழ்கிய காசுகளோடு ஒரு வருடம்: செயலாளர் ஆண்டறிக்கை

நம் நாணயச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில், இந்த வருடம் கப்பலோடு மூழ்கிய நாணயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று முடிவானபோது எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஸ்பானியத் தங்கம், கடற்கொள்ளையர் என்றே போய்விடுமோ என்று. முதல் கூட்டங்கள் அப்படித்தான் போயின. 1622-இல் புளோரிடா பக்கம் மூழ்கிய அடோச்சா என்ற ஸ்பானியக் கப்பல், அதன் வெள்ளிக் குவியலை 1985-இல் புதையல் தேடி மெல் பிஷரின் ஆட்கள் கண்டுபிடித்தது எல்லாம் பேசினோம், கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அப்புறம் ஒரு கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு செம்புக் காசை மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு நாற்காலி போதவில்லை.

அது 1808 என்று தேதி போட்ட, '20 காசு' மதிப்புள்ள நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென்றே பர்மிங்காமில் சோஹோ நாணய ஆலையில் அடித்தது (சோஹோ என்றதும் சபையில் சிரிப்பு, இது வேறு சோஹோ). ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. இதில் நாலு சேர்ந்தால் 'பணம்' என்ற சின்ன வெள்ளி நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற தங்க நாணயம் ஒன்று. பல டன் எடையுள்ள இந்தச் சில்லறையைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தை விட்டே தாண்டாமல், கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிப்போனது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் காசை அள்ளினார்கள். இப்போது அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

வேறு கப்பல்களில் இங்கே வந்து சேர்ந்த காசுகள் சந்தையிலும் சுங்கச்சாவடியிலும் கைமாறித் தேய்ந்து, தேதிகூடத் தெரியாத வில்லைகளாகிவிட்டன. பீப்பாயின் நடுவில், பக்கத்துக் காசுகளின் அணைப்பில் கடலுக்கடியில் கிடந்தவையோ ஆலையிலிருந்து நேற்று வந்த மாதிரி இருக்கின்றன. புதுக் கருக்கு அழியாத மெட்ராஸ் காசு எப்படி இருந்தது என்று பார்க்க, மெட்ராஸுக்கு வராத காசைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தங்கம், வெள்ளிக்கு நான் எதிரியில்லை. ஆனால் நம் சங்கத்துக்கு இந்தச் செம்பு போதும் என்பது என் கட்சி.

இதையொட்டி ஒரு வேண்டுகோள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, நாணயத்துக்கு அது சாவு. கடல் செம்பில் உப்பு உள்ளே இறங்கியிருக்கும், அதை அப்படியே டப்பாவில் போட்டு வைத்தால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்துக் காசையே தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் பொறுமையாக உப்பை இறக்க வேண்டும். காசின் மேல் படிந்த பழைய களிம்பு கெட்டியாக, மழமழவென்று இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

புத்தகச் சுற்றில் அதிகம் கை மாறியது அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1964-இல் எழுதிய இலங்கைப் பவளப்பாறைப் புதையல் நூல். 1961-இல் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பேசஸ் பாறையில் கண்டவை, ஹிஜ்ரி 1113-இல் (கி.பி. 1701-02) சூரத்தில் அடித்த ஔரங்கசீப்பின் ரூபாய்கள். பை மட்கிப் போயிருந்தும் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பையின் உருவத்திலேயே கட்டியாக நின்றனவாம். படம் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

பெரிய சண்டை டாடிங்டன் என்ற கப்பலைப் பற்றிய கூட்டத்தில்தான். 1755-இல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்குத் துணை ஆளுநராகக் கிளைவ் வேறு கப்பலில் கிளம்பினார், அவருடைய தங்கப் பெட்டி டாடிங்டனில் ஏறி, தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடாவில் மூழ்கியது. 1997-இல் அந்தத் தங்கம் என்று சொல்லப்பட்ட நாணயங்கள் லண்டனில் ஏலத்துக்கு வர, தென்னாப்பிரிக்கா எதிர்த்தது, கடைசியில் ஒரு பகுதி அங்கே திரும்பியது. எடுத்தவனுக்கா, கரைக்குச் சொந்தமான நாட்டுக்கா, அல்லது அந்தத் தங்கம் யாருடைய வரிப்பணமோ அவர்களுக்கா? டீ ஆறும்வரை தீரவில்லை. என் கருத்து எளிது: எங்கிருந்து எடுத்தது என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். கப்பல் பெயர் போட்ட ரெப்ளிகாக்கள் சான்றிதழோடே சுற்றுகின்றன. சான்றிதழை முழுக்கப் படித்தால் பல சமயம் அதிலேயே 'நகல்' என்று இருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியக நாணயக் கூடத்துக்குப் போனது நல்லபடி நடந்தது. காட்சி மேசைகளுக்கு இன்னும் நல்ல விளக்கு வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அதே அபிப்பிராயம்.

அடுத்த வருடம் தரங்கம்பாடி டேனிஷ் காசுகள் என்று ஒரு யோசனை இருக்கிறது, மாற்று இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கிளார்க் புத்தகம் யாரிடமோ தங்கிவிட்டது, வைத்திருப்பவர் சந்தா பாக்கியோடு சேர்த்து அடுத்த கூட்டத்தில் கொண்டுவந்தால் போதும், அபராதம் கிடையாது.

இப்படிக்கு,
செயலாளர்